விரல் கலங்காத கேமரா

செல்வலட்சுமி கேமரா வாங்கப் போனபோது அவளுக்குத் தேவைப்படாத ஒரே விஷயம் சத்தம். கடைக்காரருக்கு அதுதான் புரியவில்லை.

"வீடியோன்னா சவுண்டுதாம்மா மெயினு," என்றார் பலராமன். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லாவற்றுக்கும் படம் பிடிப்பார். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சின்ன டிஜிட்டல் கேமராக்கள் விற்பார். "படம் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாகூட ஜனம் பொறுத்துக்கும். மேளம் கேக்கலைன்னா சண்டைக்கு வந்துடும். இத்தப் பாரு, மைக்கு முன்னாலயே கீது."

"சத்தம் வேண்டாம்ணே. கை தெளிவாத் தெரியணும்."

"கையா? யாரு கை?"

"எங் கைதான்."

பலராமன் அவள் கைகளைப் பார்த்தார். மருதாணியோ மோதிரமோ இருந்திருந்தால் ஏதாவது காரணம் யூகித்திருப்பார். ஒன்றும் இல்லை. கூட வந்திருந்த மாரிசெல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருவரும் ஒரே அறை, ஒரே ஷிப்டு, ஏறக்குறைய ஒரே வட்டாரம். "அண்ணே, இவ அம்மைக்குக் காது கேக்காது. இவ கையாலதான் பேசணும்," என்று அவள்தான் உடைத்துச் சொன்னாள்.

இது 2010, பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பிய மாதம்.

அம்மாவின் பெயர் நாச்சியார். ஆலங்குளத்துக்குத் தெற்கே ஓர் ஊர், பெயர் வேண்டாம். பிறவியிலேயே காது கேளாது, அதனால் பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடம் வைத்துக் கற்றுக்கொடுக்கும் சைகை மொழி எதையும் அவர் அறிந்தவரில்லை. கணவர் கோபால் இருந்தவரை அவரும், அவருக்குப் பின் மகளும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே ஒரு பாஷையைக் கட்டியெழுப்பியிருந்தார்கள். சாப்பாடு, மழை, காசு, பீடிக்கட்டு ஆகியவற்றுக்கான கைகள் ஊருக்கே புரியும். ஆனால் நேற்று வந்த கனவையும், பக்கத்து வீட்டுக்காரி மேலுள்ள வருத்தத்தையும், செத்துப்போன மனிதர் குறட்டை விட்ட அழகையும் சொல்லுவதற்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அந்த ஆளுக்குத்தான் கம்பெனியில் வேலை கிடைத்தது.

கம்பெனி செய்தது கைபேசி. வீட்டைப் பிரிந்த ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்றாக நின்று, மற்றவர்கள் தத்தம் வீட்டோடு பேசுவதற்கான கருவியைச் செய்துகொண்டிருந்தார்கள். செல்வலட்சுமிக்கு வாய்த்தது கேமரா சோதனை. கைபேசியை ஒரு வெளிச்சப் பெட்டிக்குள் வைப்பாள். உள்ளே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை இருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் பாஸ், சிவப்பு எரிந்தால் ஃபெயில். இப்படி எத்தனை லட்சம் கேமராக்கள் அவள் கையைக் கடந்திருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஆகவே கேமராவைப் பற்றி அவளுக்கு நிறையத் தெரிந்திருக்கும் என்று நினைப்போம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சையும் சிவப்பும்தான். பலராமன் கடையில் அந்த விளக்குகள் இல்லை.

கேமரா வாங்குவதற்கு முன்னால் அவர்கள் வேறொரு வழியும் முயன்றுபார்த்திருந்தார்கள். ஊர் பஜாரில் ஏசுவடியான் என்பவர் கணினி மையம் நடத்திவந்தார். துபாயிலும் தோகாவிலும் புருஷனை வைத்திருக்கும் பெண்கள் அங்கே வந்து, திரைக்குமேல் செருகியிருக்கும் சின்னக் கேமராவைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்கள். திரையில் புருஷன் வருவான். கேட்டதற்குப் பதில் சொல்வான். சில சமயம் கேட்காததற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாச்சியாரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார் ஏசுவடியான். செல்வலட்சுமி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மையத்தில் உட்கார்ந்தாள். அம்மா கையசைத்தார். சற்று நேரம் கழித்து மகள் பதிலுக்குக் கையசைத்தாள். நாச்சியார் சிரித்த சிரிப்பில் கடைக்கு வெளியே போனவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

அதற்குமேல் ஓடவில்லை. வாயால் பேசுகிறவர்களுக்குப் படம் உறைந்து நின்றாலும் குரல் வந்துவிடும். இவர்களுக்குப் படம்தான் குரல். கையைத் தூக்கினால் அது சதுரம் சதுரமாக உடைந்தது. விரல்கள் பாதி வழியில் நின்றன. 'சாப்பிட்டாயா' என்று தொடங்கிய கை எங்கே போய் முடிந்ததென்று இரு பக்கமும் தெரியவில்லை. மூன்று வாரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் பலராமன் வேறு மனிதராகிவிட்டார். மைக்கைப் பற்றிய பேச்சை நிறுத்தினார். "மெகாபிக்சல் எவ்ளோன்னு எவனாவது சொன்னா காதுல போட்டுக்காத. அது போட்டோக்கு. வூட்டுல லைட்டு எப்டி?" என்று கேட்டார்.

"ஒரு டியூப்லைட்டு."

எழுந்து போய்க் கடையின் விளக்குகளை அணைத்து ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். "இப்ப ஆட்டு கைய."

கல்லாப்பெட்டிமேல் பலராமன் நான்கு கேமராக்களை வரிசையாக வைக்க, ஒவ்வொன்றின் முன்னாலும் செல்வலட்சுமி ஒரே வாக்கியத்தைக் கையால் சொன்னாள்: அங்கே மழை உண்டா, முதுகு வலி எப்படி, பக்கத்து வீட்டுக் கொண்டைக்காரி இன்னும் உன்னோடு பேசவில்லையா. வாடிக்கையாளர் இருவர் சாமி வந்துவிட்டதோ என்று ஒதுங்கி நின்றார்கள். முதல் கேமராவில் விரல்கள் ஒட்டிக்கொண்டு வெந்த சேமியாவாகத் தெரிந்தன. இரண்டாவதில் கைக்கு வால் முளைத்தது. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதன் விலைக்கு அவள் இரண்டு மாதம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். நான்காவது பலராமன் விற்பதற்காக வைத்திருந்ததே இல்லை. மேசையின் அடியறையிலிருந்து எடுத்தது. நல்ல கம்பெனி, நல்ல கண்ணாடி, போன வருஷத்து மாடல். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக, நகக்கண் உட்படத் தெரிந்தது.

"இது எவ்வளவுண்ணே?"

"இது வேலைக்காவாதும்மா. மைக்கு டெட்டு. சர்வீஸுக்கு அனுப்பணும்னு வெச்சிக்கிறேன்," என்றவர், சொல்லி முடிக்கும் முன்பே தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து தலையைச் சொறிந்துகொண்டார்.

அந்த வட்டாரத்திலேயே யாரும் வாங்காத கேமரா அவளுக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. ஊமைக் கேமரா என்பதால் விலை பாதிக்கும் கீழே. நல்லது மலிவாகக் கிடைத்தால் நம் ஆட்கள் சந்தேகப்படுவது வழக்கம். செல்வலட்சுமி சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருக்கலாம்.

ஏற்பாடு எளிமையானது. வார விடுமுறையன்று அறையில் மாரிசெல்வி அரிசி டிரம்மின்மேல் கேமராவை நிறுத்திப் பொத்தானை அழுத்துவாள். வெளிச்சம் போதாதென்று பக்கத்து அறையிலிருந்து ஒரு டியூப்லைட்டை இழுத்து மாட்டுவார்கள். வீட்டுக்கார அம்மாள் தாயாரம்மாள் மாடிப்படியில் நின்று, "இன்னாத்துக்கும்மா பட்டப்பகல்ல ரெண்டு லைட்டு? சினிமாவா எடுக்கிறீங்கோ?" என்பாள். "ஆமாக்கா, ஊமைப்படம்," என்று மாரிசெல்வி உள்ளிருந்து கத்துவாள். படம் பதிந்த சின்ன அட்டை தீப்பெட்டிக்குள் போய், கூரியரில் ஆலங்குளம் சேரும். ஏசுவடியான் அதைக் கணினியில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து கடைக்கு வந்ததும் நாச்சியாருக்கு ஆளனுப்புவார். அதே நாற்காலி. அதே திரை. திரைமேல் அதே சின்னக் கேமரா.

முதல் படம் போனதும் ஏசுவடியானிடமிருந்து போன் வந்தது.

"ஏ பிள்ள, படம் கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க அம்மைக்குச் சந்தோசம்னா சந்தோசம். ஆனா ஒண்ணு. அவுக பதில் சொல்லிட்டு இருக்கும்போதே நீ பாட்டுக்கு அடுத்த விசயத்துக்குப் போயிருத. அவுகளுக்குக் கோவம் வருது. கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லேன்."

நாச்சியார் படத்தைப் பார்த்துப் பதில் பேசுகிறார் என்பதில் இருவரும் விபரீதம் எதையும் காணவில்லை. தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியாரைப் பார்த்து 'நீ நாசமாப் போவ' என்று சொல்லாத பெண்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? அவர்களையெல்லாம் யாரும் விவரம் தெரியாதவர்கள் என்று சொல்வதில்லை.

செல்வலட்சுமி இடைவெளி விட்டாள். கேள்வி கேட்பாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கேமராவின் கண்ணாடியையே பார்த்தபடி, அம்மா என்ன சொல்லுவார் என்று மனத்துக்குள் ஓட்டிப்பார்ப்பாள். அந்த நேரம் முழுக்கத் தலையாட்டுவாள், இடையிடையே சிரிப்பாள், புருவத்தை உயர்த்துவாள். பதில் முடிந்திருக்கும் என்று தோன்றும்போது அடுத்ததைக் கேட்பாள். கடைசியில் எப்போதும் ஒரே முடிவு: இரண்டு விரலை உள்ளங்கையில் நடக்கவிட்டு 'நான் வருவேன்', பிறகு கையைக் கவிழ்த்து இருமுறை மெல்ல அழுத்தி 'அதுவரை பொறுத்துக்கொள்'.

"ஏட்டி, அரிசி டிரம்முக்குத் தலையாட்டிக்கிட்டு இருக்க," என்பாள் மாரிசெல்வி. "ஆடுகூட புண்ணாக்கக் காட்டினாத்தான் ஆட்டும்."

"நீ பொத்தானப் பாரு. கை நடுங்குது ஒனக்கு."

"அம்ம இப்ப என்ன சொல்லுதாவளாம்?"

"கொண்டைக்காரியத் திட்டுதாவ."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மைய எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். ஒருவரை முழுக்கத் தெரியும் என்ற நம்பிக்கைதான் அவர் சொல்வதைக் கேட்பதற்கு முதல் தடை என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். அவளுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

வாரம் ஒரு படம் என்று ஓடியது. நாச்சியார் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளுத்த சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு கணினி மையத்துக்குப் போவதை ஊர் வேடிக்கை பார்த்தது. பீடி சுற்றும் பெண்கள் அவர் கையாட்டுவதைப்போலவே ஆட்டிக்காட்டிச் சிரித்தார்கள். அவருக்கு அது பழக்கம்தான். ஆடியில் ஒருநாள் ஏசுவடியான் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு என்னைய வெளிய போன்னுட்டாவ, பாத்துக்க. கதவைச் சாத்திட்டு ஒன்கிட்ட என்னமோ ரகசியம். எனக்கு அந்தப் பாசை தெரியாதுன்னா கேக்கணுமே."

செல்வலட்சுமியும் சிரித்தாள். அறையில் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள்.

தீபாவளிக்கு அவள் போகவில்லை. அந்த மாதம் ஏற்றுமதி நெருக்கடி. லீவு எடுக்காதவர்களுக்கு இரட்டைச் சம்பளம் என்றார்கள். வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது, ஒழுகும் வீட்டில் அம்மா இன்னொரு மழைக்காலம் இருக்கக் கூடாது. அம்மாவுக்காகத்தான் அம்மாவைப் பார்க்கப் போகாமல் இருந்தாள் என்று சொன்னால் முரணாகத் தோன்றும். அந்தக் கம்பெனிப் பேருந்துகளில் போன பெண்களில் பாதிப் பேரின் கதை அதுதான். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வருவேன் என்று படமெடுத்து அனுப்பினாள். இடைவெளி விட்டாள். கொஞ்சம் கோபப்படுவார் என்று நினைத்துச் சமாதானமாகத் தலையாட்டினாள். பொறுத்துக்கொள் என்றாள்.

பொங்கலுக்குப் போனாள்.

அம்மா மெலிந்திருந்தார். வாசலில் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து நேராக உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தி, ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றினார். இடது மார்பு கல்லாகி, தோல் ஆரஞ்சுத் தோலைப்போல் குழிந்து, ஓரிடத்தில் புண் வைத்திருந்தது.

'இதுதான். நான் சொன்னேனே. அப்போது இவ்வளவுதான்,' என்று கட்டைவிரல் நுனியைக் காட்டினார்.

'எப்போது சொன்னாய்?'

'கடையில். கதவைச் சாத்திவிட்டு. காட்டக்கூடச் செய்தேன்.' நாச்சியாருக்கு மகளின் முகம் ஏன் அப்படிப் போகிறது என்று புரியவில்லை. 'நீ தலையாட்டினாய். வருவேன், பொறுத்துக்கொள் என்றாய். தீபாவளிக்கும் கேட்டேன், வலிக்கிறது, சீக்கிரம் வா என்று. அதற்கும் தலையாட்டினாய், பொங்கல் என்றாய். பொறுத்துக்கொண்டேன்.'

செல்வலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. நமக்கும் விளங்க வேண்டும், ஏனென்றால் நாச்சியார் மடமையாக எதுவும் செய்யவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண்களெல்லாம் திரையோடு பேசினார்கள், திரை பதில் சொன்னது, கண்ணால் பார்த்தார். தானும் கையசைத்தார், மகளும் கையசைத்தாள், அதுவும் பார்த்தார். முதலில் படம் உடைந்து உடைந்து வந்தது. கொஞ்ச நாள் கழித்துத் தெளிவாக வந்தது. லைன் சரியாகிவிட்டது என்று நினைத்தார். திரைமேல் அந்தக் கேமரா இருந்தபடியே இருந்தது. பலராமன் கடையின் முதல் கேமராவை, சேமியா விரல் கேமராவை, மகள் வாங்கியிருந்தால் அம்மா ஏமாந்திருக்க மாட்டார். மகளின் தேர்வு மிகச் சரியாக இருந்தது. அதுதான் கோளாறு.

பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் பார்த்த மருத்துவர் இளம்பெண், பொறுமையானவர். கையிடுக்கையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நேத்து இன்னைக்கு வந்தது இல்லம்மா. பரவியிருக்கு. இவ்வளவு நாள் ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு கேளுங்க."

மொழிபெயர்ப்பவருக்கு உள்ள ஒரே அதிகாரம் பொய் சொல்வது. 'எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார்' என்று அவள் கையை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை, கேள்வியை அப்படியே கேட்டாள்.

நாச்சியார் மருத்துவரை வியப்பாகப் பார்த்தார். படித்த பெண் இப்படிக் கேட்கிறாளே என்ற வியப்பு. பிறகு மகளைச் சுட்டிக்காட்டினார்.

"என்ன சொல்றாங்க?"

"என்கிட்டச் சொன்னதாச் சொல்லுதாவ."

"உங்ககிட்டச் சொன்னாங்களா?"

"சொன்னாவ."

மருத்துவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு சீட்டில் எழுதத் தொடங்கினார்.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மாவை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். ஆனால் அவர்களுடைய பாஷையில் 'படம்' இருந்தது, 'பதிவு' இல்லை. 'நான்' இருந்தது, 'நானில்லாத நான்' இல்லை. கடை, திரை, அதற்குள் இருந்த நான் என்று கைகள் மெல்லத் தொடங்கியபோதே நாச்சியார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் குறுக்கிட்டார்.

அது நல்ல ஏற்பாடு, என்றார். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா இறந்த அன்று எனக்கு அழுகை வராமல் போனது ஏன் என்றுகூடச் சொன்னேனே. நேரில் சொல்ல முடியாதது. நீ எவ்வளவு நேரம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். வீட்டில் இருந்த காலத்தில்கூட நீ அப்படிக் கேட்டதில்லை. பாதியிலேயே எழுந்துபோவாய்.

செல்வலட்சுமியின் கைகள் மடியில் இறங்கிவிட்டன.

சொன்னால் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள். அம்மாவுக்கு நோய் குறையப் போவதில்லை. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் காணாமல் போகும்; வாழ்க்கையில் முதன்முறையாக மனம்விட்டுப் பேசியதெல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டியிடம் என்றாகும். அப்பா இறந்த அன்று அம்மாவுக்கு ஏன் அழுகை வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அதை இனிக் கேட்கவும் முடியாது. கேட்டால், முதலில் கேட்கவில்லை என்றாகிவிடும். ஆகவே தலையாட்டினாள்.

சம்பளமில்லா விடுப்பில் ஊரில் தங்கினாள். அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்திருந்தது, மருந்து ஏற்றினார்கள். பேருந்தில் பாளையங்கோட்டை போய்வரும் வழியெல்லாம் அம்மாவும் மகளும் கையாலேயே பேசிச் சிரித்து, நடத்துநரிடம் திட்டு வாங்கியதும் உண்டு. கேமராவைக் கூரியர்காரரின் மகனுக்கு, ஸ்கூல் டூருக்கு என்று கேட்டபோது, கொடுத்துவிட்டாள். சத்தம் வராது தம்பி என்று மட்டும் சொன்னாள்.

பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்களிடமெல்லாம் நாச்சியார் ஒரே விஷயத்தைக் கையால் சொன்னார். ஊருக்குப் புரிகிற எளிய கைகள்தான்: மகள், தெரியும், முதலிலிருந்தே. அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். என் மகளிடம் நான் எதையும் மறைத்ததில்லை என்பது பொருள். கேட்டவர்கள் வேறு பொருள் எடுத்துக்கொண்டார்கள். இதில் அவர்களையும் குறை சொல்ல முடியாது. சொன்ன வார்த்தை அதுதான்.

ஐப்பசியில் நாச்சியார் இறந்தார். புதிய ஓடு ஒழுகவில்லை.

சாவு வீட்டில் கொண்டைக்காரி வாய்விட்டே சொன்னாள்: "ஓவர்டைம் பாத்தாளாம்லா ஓவர்டைம். பெத்தவ அழுகிக் கெடக்கா, இவ அங்கன துட்டு எண்ணிட்டு இருந்திருக்கா." வாசலில் நின்ற ஏசுவடியானின் முகம் கறுத்தது. நடந்தது இன்னதென்று ஊரில் மகளுக்கு அடுத்தபடி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்தார். செல்வலட்சுமி அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் படியிறங்கிப் போய்த் தெருவில் நின்று அழுதார்.

மறுபடி ஸ்ரீபெரும்புதூர், மறுபடி வெளிச்சப் பெட்டி, பச்சை, சிவப்பு. 2014இல் கைபேசித் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊருக்குப் போகிறவர்கள் போனார்கள். அவளும் மாரிசெல்வியும் ஓரகடத்தில் வண்டிகளுக்கு வயர் பின்னும் கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தார்கள். அறை மட்டும் தாயாரம்மாள் வீட்டிலேயே தொடர்ந்தது. அதற்குள் எல்லோர் கையிலும் முகம் பார்த்துப் பேசும் போன் வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் போகும் பிள்ளைகள் அதில் அம்மாவிடம் 'சாப்டேன், சாப்டேன், வையி' என்று எரிந்து விழுவார்கள். செல்வலட்சுமி வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

2015 ஆடி முடிந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மணிகண்டபிரபு, சுரண்டைக்காரன், ஓரகடத்திலேயே வேறு கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்டு மாறும் இடத்தில் இவளைப் பார்த்திருக்கிறான், இவளும் பார்த்திருக்கிறாள். அவன் வந்தால் இவள் தலைவாரிக்கொள்ளும் நேரம் கூடியதாக மாரிசெல்வி சாட்சி. அவன் அம்மா பெண் பார்க்க நேரில் வந்தார். தாயாரம்மாள் தன் வீட்டு நாற்காலிகளை மேலே ஏற்றிவைத்தாள். காபி குடித்து, ஊர்க்கதை பேசி, பெண்ணைப் பிடித்துப்போன பிறகுதான் அந்தம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"தப்பா நெனைக்காத தாயி. ஊருல ஒரு பேச்சு உண்டு. ஒங்கம்மைக்குச் சீக்குன்னு ஒனக்கு மொதல்லயே தெரியும், தெரிஞ்சும் நீ போகலன்னு. நாளைக்கு நானும் படுக்கையில விழத்தான் போறேன். அதனால கேக்கேன். நெசமா?"

பெண் பார்க்கும் சடங்கில் இவ்வளவு நேர்மையான கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாரிசெல்வி படபடவென்று முன்னால் வந்தாள். "அத்தே, அது என்னன்னா..."

"நெசம்தான்த்தே," என்றாள் செல்வலட்சுமி. "அம்ம சொன்னாவ. நான் போகல."

அந்தம்மாள் அவள் முகத்தையே பார்த்தார். ஏதாவது ஒரு காரணம் சொல்ல மாட்டாளா என்று காத்திருந்ததுபோல் இருந்தது. பிறகு காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். கோபமாகப் போகவில்லை; வருத்தமாகத்தான் போனார்.

"இன்னா ஆச்சு? பலகாரத்தத் தொடக்கூட இல்லாம கெளம்பிட்டாங்கோ?" என்று தாயாரம்மாள் படியிலிருந்து கேட்டாள்.

மாரிசெல்விதான் வெடித்தாள். "செத்தவுகளுக்கு இனி என்னட்டி தெரியப்போகுது? அம்ம இருக்கிற வரைக்கும் சொல்லல, சரி. இப்ப யாருக்காக இந்தப் பழியச் சுமக்க? நான் போய்ச் சொல்லுதேன். இப்பமே ஓடிப்போய்ச் சொல்லுதேன். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போயிருப்பாவ."

"என்னன்னு சொல்லுவ?"

"நடந்தது என்னவோ அதை."

"ஊமைச்சி ஒரு வருசமா படத்துக்கிட்டப் பேசிட்டுக் கெடந்தான்னு சொல்லுவ." செல்வலட்சுமி குரலை உயர்த்தவில்லை. "கடையில கதவச் சாத்திட்டு, ரவிக்கைய அவுத்து டிவிப் பெட்டிக்குக் காட்டினான்னு சொல்லுவ. அந்தம்மா ஊருக்குப் போய்ச் சொல்லுவா. எங்கம்ம உசிரோட இருக்கும்போதே பின்னால நின்னு கையாட்டிக் காட்டிச் சிரிச்ச ஊருட்டி அது. அதுக்கு இப்படி ஒரு கத கெடைச்சா விடுமா? இன்னும் அம்பது வருசம் சிரிக்கும். என்னைய ஏசினா ஏசிட்டுப் போறாவ. எனக்குக் காது இருக்கு, கேட்டுக்கிடுதேன்."

மாரிசெல்வி கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். செல்வலட்சுமி டம்ளர்களைப் பொறுக்கிக் கழுவப் போட்டாள். இரண்டாம் ஷிப்டுப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

மணிகண்டபிரபுவுக்கு அந்த ஆவணியிலேயே பாவூர்சத்திரத்தில் பெண் அமைந்தது. இப்போது ஊரில் விசாரித்தால் செல்வலட்சுமியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கிடைக்காது. ஆனால் நாச்சியாரின் பேரைச் சொன்னால் பேச்சே மாறுகிறது. கொண்டைக்காரி உட்பட யாரும் இப்போது அவரை ஊமைச்சி என்று சொல்வதில்லை; நாச்சியாரம்மாள் என்கிறார்கள். பெற்ற மகளே கைவிட்ட மகராசி, எவ்வளவு பொறுமை, கடைசிவரை மகளை ஒரு குறை சொல்லவில்லை என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அந்த ஊர் அவருக்கு ஒருநாளும் தராத மரியாதை அது.